சினை ஆடுகளுக்கு நான் கொடுத்தனுப்பிய சாம்பல்

தாயி,

முதலில் நல்ல சேதி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவனின் மகன் மதுரையில் பாலிடெக்னிக் முடித்து மின்சார ஆபீசில் சேர்ந்துவிட்டான். முதல் சம்பளத்தில் எனக்குச் சுங்குடிச் சேலை எடுத்து வந்தான். அவன் தம்பி பேங்க் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினான். திண்டுக்கல்லில் வேலை, கண்ணாடி போட்டிருக்கிறான், பார்த்தால் பெரிய ஆபீசர் மாதிரியே இருக்கிறான். மகள் பெற்ற பேரன் ஜில்லா ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து ஒரு முழ உயரத்தில் கோப்பை வாங்கினான். கடைக்குட்டி எட்டாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. இவர்கள் எல்லாருக்கும் மேலே ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயசில் என்னோடு உன் பட்டிக்கு வந்து, ஆட்டுக்குட்டியைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு "இது எனக்குத்தான்" என்று ஓடுவாளே, என் இளையவனின் மகள், அவள் மெட்ராசில் கால்நடை டாக்டருக்குப் படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. எங்கள் தெருவில் டாக்டருக்குப் படிக்கிற பெண்பிள்ளை வேறு யார் இருக்கிறார்கள், சொல்.

இந்த வரிசையை நான் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூடச் சொல்வேன். இந்தப் பேத்தியிடம் வரும்போது குரல் தானாக ஏறும். ஆனால் போன வாரத்திலிருந்து அவளைப் பற்றிப் பேச வாயெடுத்தால் உன் ஞாபகம் வந்து குறுக்கே நிற்கிறது.

போன வாரம் அவள் லீவில் வந்திருந்தாள். என் இளையவன் தை மாதம் ஆறு செம்மறி வாங்கிக் கட்டியிருக்கிறான், நான்கு சினை. வந்த மறுநாள் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு பையைப் பிரித்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். வெந்த எலும்பைச் சுண்ணாம்போடு சேர்த்து இடித்த மாதிரி, துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாடை வந்தது. அதை மோந்து பன்னிரண்டு வருஷம் இருக்கும். தாளித்துக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன்.

"என்னத்தா அது?"

"தாது உப்பு அப்பத்தா. சினை ஆட்டுக்கு. அயோடின், தாமிரம், சுண்ணாம்புச் சத்து எல்லாம் இருக்கு. நம்ம மலையடிவாரத்து மண்ணுல அயோடின் கம்மி. மழை அரிச்சுக் கொண்டுபோயிரும். தாய்க்கு இல்லேன்னா வயித்துக் குட்டிக்கும் இருக்காது. கழுத்து வீங்கிப் பொறக்கும், எந்திரிச்சு நிக்காது, பால் குடிக்காது. பொறந்ததுக்கப்புறம் மருந்து குடுத்துப் பெருசா புண்ணியமில்ல, வயித்துல இருக்கப்பவே தாய்க்குக் குடுக்கணும்."

அவள் வகுப்பில் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். என் மருமகள் வெங்காயம் உரித்தபடி சிரித்தாள். "நம்ம வீட்லயும் முன்னாடி அப்படி ஒரு கூத்து நடந்துச்சு. ஆடு பாத்தவளுக்குக் கை ராசி இல்ல. அவ தொட்ட குட்டியெல்லாம் கழுத்து வீங்கிச் செத்துச்சு."

"கை ராசியாம்மா? யாரும்மா அந்தப் பாவப்பட்டவங்க?"

அந்தப் பாவப்பட்டவள் நீ, தாயி. உன் ஆட்டுக்குட்டி ஞாபகம் இருக்கிறவளுக்கு உன்னை மறந்துவிட்டது. உன்னைப் பற்றி இப்படித்தான் என் வீட்டில் இன்னமும் பேசுகிறார்கள். அதை முதலில் பேசிவிட்டவள் நான்.

ஊருக்குத் தெரிந்த உன்னை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. குரங்கணிக்குப் போகும் பாதையில், ஆற்றுக்கு மேலே இருந்தது உன் பட்டி. சுற்றிலும் இலந்தை முள்ளை அடைத்து, மேலே தென்னோலை வேய்ந்திருப்பாய். எங்களைப் போல நிலம் வைத்திருந்த மூன்று குடும்பம் உன்னிடம் வாரத்துக்கு ஆடு விட்டிருந்தோம். ஆடு எங்களுடையது, மேய்ப்பும் பராமரிப்பும் உன்னுடையது, விழுகிற குட்டியில் பாதி உனக்கு. அப்படிப் பங்கில் வந்து தங்கியதில் ஆறு உருப்படி உனக்கென்றும் இருந்தது. புருஷன் போன பிறகு நீயும் உன் மகனும் பிழைத்தது அந்தப் பட்டியில்தான்.

வாரத்துக்கு விட எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லாரும் உன்னைத் தேடி வந்தது உன் கைக்காக. குட்டி பாதி வெளியே வந்து நிற்கும்போது நீ போய் உட்கார்ந்தாலே ஆடு முக்குவதை நிறுத்தி உன்னைத் திரும்பிப் பார்க்கும். குட்டி விழுந்ததும் கட்டைவிரலை வாய்க்குள் விட்டுச் சளியை வழித்து, மூக்கில் ஒரு ஊது ஊதுவாய். அடுத்த நொடி அது கத்தும். "இவ தொட்டா செத்ததும் எந்திரிக்கும்" என்பார்கள். பிறகு ஊரில் மாடு கன்று போட்டால் முதல் சீம்பாலைப் பீய்ச்ச உன்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டிலும் குழந்தையை முதலில் உன் கையில் கொடுத்துத்தான் வாங்கினார்கள். என் இளையவனுக்கு இந்தப் பேத்தி பிறந்தபோதும் அப்படித்தான் செய்தோம். அவளை முதலில் தூக்கியது நீ.

எமர்ஜென்சி வந்த சமயம். அதற்கு முந்தின ஈற்றில் மூன்று குட்டி கழுத்து வீங்கிப் பிறந்து செத்தன. கால்நடை ஆய்வாளர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உன் பட்டிக்கே வந்தார். இளம் வயசு, வடக்கத்திப் பக்கத்துப் பேச்சு, சட்டை முழுக்க வேர்வை. செத்த குட்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த சினைக்கு மருந்து கொண்டுவருவதாகச் சொன்னார். சொன்னபடி பங்குனியில் ஒரு பெரிய பையும் ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார். பாட்டிலில் மீன் எண்ணெய். பிறந்த குட்டிக்கு நாக்கில் நான்கைந்து சொட்டு. பையில் இந்தத் தாது உப்பு.

உன் பட்டியில் மழை ஒழுகும் என்று பையை என் வீட்டில் வைத்தார். ஆடுகளில் பெரும்பங்கு என்னுடையது, ஆபீஸ் பதிவும் என் பெயரில்தான் எழுதியிருந்தது. "வாரத்துக்கு ஒரு தடவை இந்தம்மா டப்பாவில் வாங்கிட்டுப் போகட்டும். ஒரு ஆட்டுக்கு ஒரு சின்னக் கரண்டி, தவிட்டில் கலந்து, ஈனுற வரைக்கும் விடாமல் கொடுக்கணும்" என்றார். உனக்கு எழுத்து தெரியாது. எனக்கு ஐந்தாம் வகுப்பு வரை தெரியும். அவர் என்னைப் பார்த்து, "பை மேல எழுதியிருக்கிறதை நீங்களே சத்தமா வாசிச்சுக் காட்டுங்கம்மா" என்றார்.

நான் எழுந்து நின்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தேன். "சினை ஆடுகளுக்கு மட்டும்."

நீ வாயில் கை வைத்துச் சிரித்தாய். "யக்கா வாசிச்சா ரேடியோல சேதி கேட்ட மாதிரியே இருக்கு." எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அந்த நாலு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் நான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தப்பு செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த வருஷம் எங்களிடம் ஒரு சீமைப்பசு இருந்தது. கன்று போட்டு ஒரு மாதம். சித்திரையில் போடியில் கால்நடைக் கண்காட்சி என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். அதிகம் கறக்கிற மாட்டுக்குப் பித்தளைக் குடம் பரிசு. மேலத்தெருவில் என் நாத்தனார் முறைக்காரி ஒருத்தியிடமும் சீமைப்பசு இருந்தது. குழாயடியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மதினி, மாடு கறக்குதா, இல்ல சும்மா நின்னு தின்னுதா?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் தவிட்டில் அந்த உப்பை ஒரு பிடி போட்டுப் பசுவுக்கு வைத்தேன். ஒரு பிடிதானே என்று நினைத்தேன். நாலைந்து நாளில் பால் கூடியது, மயிர் மினுமினுத்தது. மருந்தால் கூடியதோ, மாடே தெளிந்ததோ, எனக்குத் தெரியாது. நான் மருந்துதான் என்று முடிவு கட்டினேன். ஒரு பிடி இரண்டு பிடியானது. காலையும் மாலையும் ஆனது. முதல் இரண்டு வாரம் உன் டப்பாவில் நல்ல மருந்தைத்தான் போட்டேன். மூன்றாவது வாரம் பையில் கால்வாசிதான் கிடந்தது. கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள்.

நீ டப்பாவோடு வந்து வாசலில் நின்றாய். "யக்கா, வெரசா கொண்டாங்க, ஆடு ஆத்துப்பக்கம் போயிருச்சு."

நான் உள்ளே போனேன். கல்லுப்பை அம்மியில் ஓட்டினேன். அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கலந்தேன். நிறம் வரவில்லை என்று கொல்லையில் கிடந்த செங்கல்லை உரசி அந்தப் பொடியையும் போட்டேன். இதையெல்லாம் செய்ய எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தில் எந்த இடத்திலும் என் கை நிற்கவில்லை. நீ வெளியே என் மருமகளோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தாய். "என்ன யக்கா, போன வாரம் எலும்பு வாடை அடிச்சுச்சு. இதுல ஒண்ணையும் காணோம்?"

"பை பிரிச்சு நாளாச்சுல்ல, வாடை போயிரும். மருந்து போகாது. போ, போய்ச் சோலியப் பாரு."

"நீங்க சொன்னாச் சரிதேன்" என்றாய். அவ்வளவுதான். முந்தானையில் டப்பாவைச் சுற்றிக்கொண்டு, கீழே சிந்திவிடக் கூடாது என்று ஒரு கையால் மூடியை அழுத்தியபடி ஓடினாய். அன்றையிலிருந்து ஈற்று முடிகிற வரை ஒவ்வொரு வாரமும் நான் சாம்பலைக் கொடுத்தேன், நீ மருந்தை வாங்கிப் போனாய்.

எவ்வளவு நம்பிக்கையாக அதைக் கொடுத்தாய் என்று நான் பார்த்திருக்கிறேன். தவிட்டில் கலந்தால் பெரிய ஆடு தின்றுவிடும், நோஞ்சானுக்குக் கிடைக்காது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து நக்கக் கொடுப்பாய். எண்ணெய்ப் பாட்டிலை ஓலையில் செருகி வைத்து, குட்டி பிறக்கும் முன்பே அதற்கு ஒரு நூல் கட்டி மஞ்சள் பூசியிருந்தாய். "இந்தத் தடவ ஒண்ணுகூடச் சாகாது பாருங்க யக்கா. மருந்தும் இருக்கு, கையும் இருக்கு."

கண்காட்சியில் எங்கள் பசு ஜெயித்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், பசுவைக் குளிப்பாட்டிக் கொம்பில் எண்ணெய் தடவி, கயிறு பிடித்துப் போடி வரை நடந்து வந்தது நீதான். குடத்தை என் கையில் கொடுத்தபோது கூட்டத்தில் முதலில் குலவையிட்டவளும் நீதான். மேலத்தெருக்காரியைப் பார்த்து, "எங்கக்கா மாடு நின்னு தின்னுதா மதினி? இந்தா, குடம் குடமா கறக்குது" என்றாய். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

வைகாசியில் ஆடுகள் ஈன ஆரம்பித்தன. முதல் குட்டியே கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு கட்டியோடு விழுந்தது. உடம்பில் மயிரே சரியாக இல்லை. நீ வாயை வழித்தாய், மூக்கில் ஊதினாய், எண்ணெய்ச் சொட்டு விட்டாய். தாயின் காம்பைப் பீய்ச்சி உன் விரலால் அதன் வாய்க்குள் வைத்தாய். உறிஞ்சத் தெம்பில்லை. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டது. அந்த வைகாசி முழுக்க அப்படித்தான். விழுந்த பதினாலு குட்டியில் ஒன்பது செத்தன. அதில் இரண்டு உன் சொந்த ஆடு ஈன்றது. குட்டிகளைக் கவிழ்த்து மூடிவைக்கிற மூங்கில் கொடாப்புகள் உன் பட்டியில் நாலு இருந்தன. நான் வந்தபோது மூன்று மல்லாந்து கிடந்தன. அவற்றில் மூடிவைக்கக் குட்டி இல்லை.

பத்தாவதாக ஒரு குட்டி மூன்று நாள் இழுத்துக்கொண்டிருந்ததே, அதை நீ உன் வயிற்றோடு சேலையில் கட்டிக்கொண்டு நடந்தாய். கஞ்சி காய்ச்சும்போதும் அது உன் வயிற்றில்தான் கிடந்தது. அது பிழைத்தது. அந்த ஒன்றும் உன் கையால்தான் பிழைத்தது. ஊரில் அதை யாரும் பேசவில்லை.

ஆய்வாளர் வந்தார். மூன்று வீட்டு ஆட்களும் பட்டியில் கூடிவிட்டோம். மேலத்தெருக்காரியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அவர் ஒரு குட்டியின் கழுத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார், "மருந்து ஒழுங்கா கொடுத்தீங்களாம்மா?"

"ஒரு நாள் விடல சாமி. எம் மகன் மேல சத்தியமா ஒரு நாள் விடல. இந்தக் கையில வச்சுத்தேன் நக்கக் குடுத்தேன்." கையை விரித்து அவரிடம் காட்டினாய்.

"கொடுத்திருந்தா இத்தனை குட்டிக்கு இப்படி வராதேம்மா." அவர் கோபமாகச் சொல்லவில்லை, குழம்பிப்போய்ச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வாராவாரம் கொடுத்தீங்களாம்மா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பசுவுக்குப் போட்டேன் என்று ஒரு வார்த்தை. குடத்தைத் திருப்பிக் கேட்பார்கள், மேலத்தெருக்காரி ஒரு வருஷம் சிரிப்பாள், மற்ற இரண்டு வீட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். நான் சொன்னது இது:

"நான் வாராவாரம் டப்பா நெறையக் குடுத்தேன் சார். அதை அவ ஆட்டுக்குத்தேன் குடுத்தாளோ, என்ன செஞ்சாளோ, யாரு கண்டா?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "யக்கா..." என்று மட்டும் சொன்னாய். மேலத்தெருக்காரி பின்னாலிருந்து, "எஸ்டேட்டுக்காரனுக்கு வித்துருப்பா" என்றாள். இன்னொருவர், "அவ ஆட்டுக் குட்டியும்ல செத்துருக்கு, வித்திருந்தா தன்னோடதுக்காவது குடுத்திருப்பாளே" என்றார். நல்ல மனுஷர், நியாயத்தைப் பேசினார். அப்போது உன் மேல் திருட்டுப் பட்டம் ஒட்டாமல் போகும்போல் இருந்தது. கண்கள் எல்லாம் மெல்ல என் பக்கம் வருவதாக எனக்குப் பட்டது. நான் அவசரமாக ஒரு பெருமூச்சு விட்டு, "பாவம், அவ பொய் சொல்ல மாட்டா. மருந்து என்ன செய்யும்? புருஷன் போனதோட கை ராசியும் போயிருச்சு போல" என்றேன்.

உன்னைக் காப்பாற்றுகிற மாதிரி சொன்னேன் தாயி. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. திருடி என்று சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். ராசி இல்லை என்று சொன்னதும் நீயே அதை நம்பிவிட்டாய். உன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆடிக்குள் மற்ற இரண்டு வீட்டாரும் ஆட்டைப் பிரித்து ஓட்டிப்போனார்கள். என் ஆடுகளை நீயே ஓட்டி வந்து என் வாசலில் விட்டாய். "என் கையில இனிமே வேணாம் யக்கா. உங்களுக்கு நட்டம் வந்துரும்." சாப்பிட்டுப் போ என்றேன். நிற்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் கன்று போட்டால் உன்னைக் கூப்பிடவில்லை. புதுப் பொண்ணு முழுகாமல் இருந்தால் நீ தெருவில் வரும்போது உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். தை பிறப்பதற்குள் உன் ஆறு உருப்படியையும் விற்றுவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய்விட்டாய் என்று சொன்னார்கள். காலையில் ஜீப்பில் லோடு மாதிரி அடைத்துக்கொண்டு போவார்களே, அதில் ஏறித்தான் போனாயாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த ஆடுகளை வேறு ஆளிடம் விட்டேன். அடுத்த வருஷமும் கழுத்து வீங்கித்தான் பிறந்தன. அப்போது யாரும் கை ராசி பேசவில்லை. "மண்ணு சரியில்ல" என்றார்கள். ஆட்டை விற்றுவிட்டோம்.

ஆறேழு வருஷம் கழித்துப் போடியில் ஜீப் நிற்கிற இடத்தில் உன்னைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன், நீதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாய். தலை நரைத்திருந்தது, விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. "பிள்ளைக எப்படி இருக்குக யக்கா?" என்றாய். நான் வழக்கம்போல வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் வாய் நிறையச் சிரித்தாய். மலையாளப் பேச்சு உன் வாயில் கொஞ்சம் ஒட்டியிருந்தது, இடையிடையே "ஓ, அதே, அதே" என்றாய்.

"வேலை எப்படி தாயி?"

"ஏலக்காக்கு என்ன யக்கா, கத்தாது, சாகாது. எனக்குத் தோதான சோலி." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய். பிறகு மெதுவாக, "மகனுக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்கு. ஆஸ்பத்திரியில வச்சுருக்காக. அதுக்குத்தேன் எறங்கி வந்தேன்."

"நல்ல சேதி! யாரு மாதிரி இருக்கு?"

"கிட்டப் போயிப் பாக்கல யக்கா. சன்னல் வழியாப் பாத்தேன். மருமக 'பிடிங்கத்தே'ன்னு நீட்டுறா. நான் கையப் பின்னால கட்டிக்கிட்டேன். பச்சப்புள்ள. எதுக்கு யக்கா, நம்ம கை நமக்குத் தெரியாதா?"

ஜீப்பு ஹாரன் அடித்தது. ஆட்களை இழுத்து ஏற்றினார்கள். நீ பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி, "வர்றேன் யக்கா" என்றாய். உன் கையைப் பிடித்து அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். இறங்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம், பிள்ளையை வாங்கு என்று இழுத்திருக்க வேண்டும். ஜீப்பு வளைவில் திரும்புகிற வரை நின்றேன், அதற்குப் பிறகு மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று ஏலக்காய் லோடு இறக்க வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் "போயிட்டு வாங்க அத்தை" என்றார்கள். முட்டி வலிக்கிறது, மலையேற முடியாது என்றேன். முட்டி வலித்தது உண்மைதான். அதற்காக நான் போகாமல் இருக்கவில்லை.

இதையெல்லாம் போன வாரம் பின்கட்டில் உட்கார்ந்து பேத்தியிடம் சொன்னேன். அவள் உப்புக் கையோடு கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பத்தா, அவங்க உசுரோட இருக்காங்களா?" என்றாள். இல்லை என்றேன். எழுந்து போய் நான்கு சினை ஆட்டுக்கும் அவளே கொடுத்தாள். என்னிடம் பையைத் தரவில்லை. இந்த வீட்டில் என் சொல்லை யாரும் தட்டியதில்லை, என் கையிலிருந்து யாரும் எதையும் ஒதுக்கியதில்லை. அன்றைக்குத்தான் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று துளி தெரிந்தது.

மறுநாள் குழாயடியில், ஆள் நிறைய இருக்கும் நேரம் பார்த்துப் போய்ச் சொன்னேன். மேலத்தெருக்காரியும் இருந்தாள், இப்போது அவளுக்கும் காது மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தடவையும் சத்தமாகத்தான் சொன்னேன். மருந்தை மாட்டுக்குப் போட்டவள் நான், சாம்பலைக் கொடுத்தவள் நான், அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று.

"விடு மதினி, என்னைக்கோ நடந்தது. செத்தவளுக்குத் தெரியவா போகுது?" என்றாள்.

ஒருத்தி மட்டும், அவளுக்கு இது ஏழாம் மாதம், குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "சின்னப்புள்ளையில எங்கம்மா அவங்களப் பாத்து என்னைய உள்ள இழுத்துக்குவாகளே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். செத்தவளுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொண்டாலும், இருக்கிறவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இதை உன் மகன் பேருக்கு எஸ்டேட் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். அவனுக்குத் தனியாக ஒரு தாளும் வைத்திருக்கிறேன். இதைத் தனியாக வாசித்துவிட்டு மடித்து வைக்காதே அப்பு, உங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் தேயிலைத் தண்ணி குடிக்கிற நேரத்தில் சத்தமாக வாசி என்று எழுதியிருக்கிறேன். அவன் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை. ராசியில்லாத கை என்ற பேச்சை உன்மேல் ஏற்றியது நான். அது இனி என்னுடையது, நான் போகிற வரை என்னோடு இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். நீ தூக்காமல் விட்ட பேத்திக்கு இப்போது ஐந்தாறு வயசு இருக்கும். இத்தனை நாளாகியும் யார் மாதிரி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளைப் போடிக்குக் கூட்டி வந்து ஸ்டூடியோவில் புதுப்படம் ஒன்று எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். முகத்தை மட்டும் எடுத்துவிட வேண்டாம், அவளுடைய இரண்டு கையும் தெரியும்படி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.